நான்கு நிமிடம் இருபது நொடி: ஒரு சர்க்கரை ஆலையில் நெட்வொர்க் போன் போட்ட கதை

அன்றைய மாக் டிரில்லில், அதாவது அவசரகால ஒத்திகையில், முதல் அறிவிப்பு சரியாகவே போனது. டிஸ்டிலரியில் எத்தனால் கசிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, காலை 10:30 மணிக்கு ஷிப்ட் இன்சார்ஜ் கட்டுப்பாட்டு அறையில் ரிசீவரை எடுத்துப் பேசினார். ஆலை முழுக்க எல்லா ஹாரனிலும் அவர் குரல் கேட்டது. ஆட்கள் அசெம்பிளி பாயின்டுக்கு வந்தார்கள், தலை எண்ணியாயிற்று, யாரும் விடுபடவில்லை. இருபது நிமிடம் கழித்து, ஆபத்து நீங்கியது, அவரவர் வேலைக்குத் திரும்பலாம் என்று இன்சார்ஜ் மறுபடி அறிவித்தார். அது அலுவலகக் கட்டடத்தில் மட்டும் கேட்டது. ஆலைக்குள் ஒரு ஹாரன்கூட வாய் திறக்கவில்லை. வெயிலில் நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள். கடைசியில் ஒரு செக்யூரிட்டி சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் எல்லாரையும் கலைத்துவிட்டு வந்தார்.

கணினி நெட்வொர்க் வழியாகவே குரலைக் கொண்டுபோகும் அந்தப் போன்களையும் ஹாரன்களையும் நிறுவிக் கொடுத்தவன் நான். மூன்று வாரம் முன்புதான் ஒவ்வொரு பாயின்டாகச் சோதித்துக் கையெழுத்து வாங்கியிருந்தேன். ஆலையின் பெயர், போன் எந்த பிராண்டு, கேமரா போட்டவர்கள் யார் என்பதெல்லாம் இங்கே வராது. அவர்கள் செய்ததில் தவறு என்று சொல்ல அதிகம் இல்லை. என் பங்கில்தான் இருக்கிறது.

முன்பு இருந்தது

ஆலையின் அமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கோடியில் கரும்பு யார்டும் எடைமேடையும். அடுத்து மில் ஹவுஸ், பாய்லர், டர்பைன், பாகு காய்ச்சும் பேன் தளம், சர்க்கரைக் கிடங்கு. மற்றக் கோடியில், வேலி போட்டுத் தனியாக டிஸ்டிலரி. இவற்றை ஒரு பழைய ஈபிஏபிஎக்ஸும் (ஆலைக்குள்ளான டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) 50 ஜோடி தாமிரக் கேபிளும் இணைத்துக்கொண்டிருந்தன. மழை வந்தால் ஜாயின்ட் பாக்ஸில் தண்ணீர் இறங்கும், எடைமேடை லைனில் டர்பைன்காரர் பேசுவது கேட்கும். அறிவிப்புக்கு என்று ஒரு ஆம்ப்ளிஃபயரும் நாலைந்து ஹாரனும் தனியே இருந்தன. அவை வேலை செய்தனவா என்பது அன்றன்றைக்குத்தான் தெரியும்.

டிஸ்டிலரி இருப்பதால் அவசரகால ஒத்திகை என்பது விருப்பப்பட்டுச் செய்கிற காரியம் இல்லை. அபாயகரமான ரசாயனங்களுக்கான 1989-ஆம் ஆண்டு விதிகள் பொருந்துகிற இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடத்தியாக வேண்டும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் குறிப்பேட்டில் ஒரே வரி ஏறிக்கொண்டிருந்தது: அறிவிப்பு மில் ஹவுஸில் கேட்கவில்லை.

அப்புறம் ஆலைக்குக் கேமரா வந்தது. கேமராவுக்காக ஃபைபர் இழுத்து, ஒவ்வொரு கட்டடத்திலும் ஒரு பிஓஇ ஸ்விட்ச் வைத்தார்கள், கருவிகளை நெட்வொர்க்கில் இணைத்து அதே கேபிளில் மின்சாரமும் தருகிற பெட்டி அது. "ஃபைபர்தான் இருக்கே சார், போனையும் அதிலேயே ஓட்டிடலாமே" என்றார் மேலாளர். நானும் சரி என்றேன். இப்போது கேட்டாலும் சரி என்றுதான் சொல்வேன். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே புதிதாகத் தாமிரம் இழுப்பதைவிட இருக்கிற ஃபைபரைப் பயன்படுத்துவது எவ்வளவோ மேல். ஈதர்நெட் தாமிரக் கேபிளுக்கு 100 மீட்டர்தான் எல்லை, யார்டோ கட்டுப்பாட்டு அறையிலிருந்து 400 மீட்டர். போதாததற்கு இடி விழுந்தாலும், இரண்டு கட்டடத்தின் எர்த் மட்டம் வேறுபட்டாலும் தாமிரம் அதை நேராகக் கருவிக்குள் கொண்டுவந்துவிடும். ஃபைபரில் அந்தத் தொல்லை கிடையாது.

மொத்தம் 31 பாயின்ட். பெரும்பாலானவை வார்ப்பு அலுமினிய உடம்பும் உலோக உறை போட்ட ரிசீவர் கயிறும் உள்ள சுவர் போன்கள். எடைமேடையிலும் யார்டிலும் பட்டனே இல்லாத போன்கள், எடுத்தால் நேராகக் கட்டுப்பாட்டு அறைக்கு அடிக்கும். சில இடங்களில் ஹாரன் ஸ்பீக்கர் மட்டும். டிஸ்டிலரிக்குள் மூன்று, வெடிப்புப் பாதுகாப்புச் சான்றிதழ் பெற்றவை. அந்தப் பகுதியில் சாதாரணப் போனை, அது எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், மாட்டக் கூடாது. நாக்பூரில் தலைமையகம் உள்ள பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஏற்றுக்கொண்ட கருவியாக இருக்க வேண்டும். விலையைக் கேட்டதும் மேலாளர் கொஞ்ச நேரம் பேசவில்லை. மூன்றோடு நின்றதற்குக் காரணம் அதுதான்.

சுவரில் மாட்டுவது

இதை விரிவாகச் சொல்லப் போவதில்லை, கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்ததுதான். ஐபி66 என்று போனின் மேல் அச்சிட்டிருந்தால், முதல் 6 தூசி புகாது என்பதற்கு, இரண்டாவது 6 வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் புகாது என்பதற்கு. அந்தத் தரம் கேபிள் நுழைகிற கிளாண்ட் சரியாக இருக்கும் வரைக்கும்தான். மெல்லிய நெட்வொர்க் கேபிளைப் பெரிய கிளாண்டில் விட்டு, இடுக்கில் இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்த ஒரு போனை இரண்டு மாதம் கழித்துத் திறந்தேன். உள்ளே ஒரு கைப்பிடி கரும்புச் சக்கைத் தூள். கேபிளை எப்போதும் கீழிருந்து நுழையுங்கள், நுழைவதற்கு முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். தண்ணீர் அதன் வழியாகச் சொட்டிவிடும்.

சர்க்கரை ஆலைக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. பேன் தளத்தில் பாகு பட்ட கையோடுதான் போனை எடுப்பார்கள். பட்டன் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் எறும்பு வரும். ரப்பர் பட்டனை விட உலோகப் பட்டன் உள்ள போனைக் கேட்டு வாங்கியது அந்த ஒரு காரணத்துக்காக.

மில் ஹவுஸ் வேறு பிரச்சினை. கரும்பு வெட்டும் கத்தியும் ஷ்ரெட்டரும் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. நம் தொழிற்சாலை விதிகளில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான் வரம்பு, அங்கே பல இடங்களில் காதடைப்பான் இல்லாமல் நிற்கவே முடியாது. கைபடாமல் பேசும் ஸ்பீக்கர் போன் அங்கே வெறும் அலங்காரம். இரைச்சல் குறைக்கும் மைக் உள்ள ரிசீவர், தலையை உள்ளே விட்டுப் பேச ஒரு ஒலித்தடுப்புக் கூடு, மணி அடித்தால் சுழலும் விளக்கு. விளக்கைப் போனுக்குள் இருக்கிற ரிலேயோடு இணைத்துவிடலாம். ஃபோர்மேனிடம் கேட்டபோது அவர் சொன்னது: "மணியெல்லாம் வேண்டாம் தம்பி, விளக்கு சுத்தினா போதும், பார்த்துக்குவோம்."

இரைச்சலுக்காகப் போனின் செட்டிங்கில் இரண்டு இடம் பார்க்க வேண்டும். ஒன்று, பேசாதபோது பாக்கெட் (குரலைச் சுமக்கும் தரவுத் துண்டு) அனுப்பாமல் நிறுத்தும் வசதியை அணைக்க வேண்டும். இயந்திர இரைச்சலைப் பேச்சு என்றும் பேச்சை இரைச்சல் என்றும் அது மாற்றிப் புரிந்துகொண்டு வார்த்தைகளை நறுக்கும். இன்னொன்று கோடெக், அதாவது குரலை எண்களாக மாற்றும் முறை. ஜி.729 வெறும் 8 கிலோபிட்டில் ஓடும் என்பது உண்மைதான். ஆனால் அது மனிதக் குரலின் அமைப்பை நம்பி வேலை செய்வது, பின்னணியில் ஷ்ரெட்டர் ஓடினால் தடுமாறும். ஆலைக்குள் ஜி.711 போதும், இந்தியாவில் அதன் ஏ-லா வகை. குரலுக்கு 64 கிலோபிட், பாக்கெட்டின் முகவரித் தலைப்புகள் எல்லாம் சேர்த்து ஈதர்நெட்டில் ஓர் அழைப்பின் ஒரு திசைக்குச் சுமார் 87. ஃபைபர் போட்ட இடத்தில் இதைச் சிக்கனம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

ஸ்விட்சும் முகவரியும்

போன்களுக்குத் தனி விலான் வைத்தேன், அதே ஸ்விட்சுகளுக்குள் பிரித்துவைத்த தனி நெட்வொர்க் மாதிரி. கேமராக்கள் 20-இல், போன்கள் 30-இல், அலுவலகக் கணினிகள் 10-இல். குரல் பாக்கெட்டுகளுக்கு முன்னுரிமைக் குறி 46, அழைப்பை ஏற்படுத்தும் சிப் செய்திகளுக்கு 24. குறி போட்டால் மட்டும் போதாது, போன் போட்ட குறியை ஸ்விட்ச் நம்ப வேண்டும். பல ஸ்விட்சுகள் இயல்பாக அதைத் துடைத்து 0 ஆக்கிவிடும். ஒவ்வொரு ஸ்விட்சிலும் போய்ப் பார்த்து மாற்றினேன்.

போன் தன் நெட்வொர்க் முகவரியைத் தானாக வாங்கட்டுமா, நாம் கையால் போடுவதா என்பதில் நண்பர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. அலுவலகத்தில் தானாக வாங்கும் முறையான டிஎச்சிபி, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. அதன் ஆப்ஷன் 66-இல், போன்களை நடத்தும் கணினியான சர்வரின் முகவரியைக் கொடுத்துவிட்டால் போன் தன் செட்டிங்கைத் தானே இறக்கிக்கொள்ளும், நூறு போன் இருந்தாலும் அரை நாள் வேலை. ஆலையில் நான் இரண்டாகப் பிரித்தேன். சாதாரணப் போன்களுக்கு டிஎச்சிபி. டிஸ்டிலரி, யார்டு, கட்டுப்பாட்டு அறை ஆகிய அவசரப் போன்களுக்கு நிலையான முகவரி. மின்சாரம் போய்த் திரும்பும்போது போன் ஒரு நிமிடத்தில் எழுந்துவிடும், சர்வர் எழ நாலைந்து நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில் முகவரி கிடைக்காமல் ஒரு போன் சோர்ந்து உட்கார்ந்துவிடுவதை அவசரப் போன் விஷயத்தில் என்னால் ஏற்க முடியாது.

இதோடு சேர்ந்ததுதான் ஸ்பானிங் ட்ரீ, பாக்கெட்டுகள் ஸ்விட்சுகளுக்குள் வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருக்காமல் தடுக்கும் ஏற்பாடு. பழைய வகையில், போர்ட்டில் கருவி எழுந்த பிறகு 15 நொடி கேட்டு, 15 நொடி கற்று, அப்புறம்தான் ஸ்விட்ச் பாக்கெட்டை விடும். அந்த 30 நொடிக்குள் சில போன்கள் டிஎச்சிபி கேட்டு அலுத்துவிடும். போன் மாட்டுகிற போர்ட்டுகளை விளிம்பு போர்ட் என்று அறிவித்தால் உடனே திறந்துவிடும். அப்படிச் செய்யாமல் போனையே குறை சொல்லித் திருப்பி அனுப்பிய ஓர் இடத்தை எனக்குத் தெரியும்.

பிஓஇ கணக்கிலும் ஒரு நாள் போனது. யார்டு ஸ்விட்சில் எட்டு போர்ட், மொத்தம் 120 வாட். எட்டாவது போர்ட்டில் எதை மாட்டினாலும் உயிர் வரவில்லை. போனை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், போர்ட் செத்துவிட்டது என்றுகூட முடிவு கட்டினோம். விஷயம் இதுதான். அந்தப் போன்கள் தங்கள் மின் வகுப்பைச் சொல்லாதவை, அதாவது வகுப்பு 0. சொல்லாத கருவிக்கு ஸ்விட்ச் முழு 15.4 வாட்டை ஒதுக்கி வைத்துவிடும், அது உண்மையில் ஐந்து வாட் மட்டும் குடித்தாலும். எட்டு பெருக்கல் 15.4 என்றால் 123.2. மூன்று வாட் இடித்தது. ஒதுக்கீட்டை வகுப்புப்படி இல்லாமல் உண்மையான செலவுப்படி செய்யச் சொல்லி மாற்றினால் எட்டும் எழும். ஆனால் எல்லா ஹாரனும் ஒரே நேரத்தில் முழு ஒலியில் பேசும்போது செலவு எகிறும் என்பதை நினைத்து, ஹாரன்களில் இரண்டைப் பக்கத்து ஸ்விட்சுக்கு மாற்றிவிட்டேன்.

நகர அலுவலகத்தோடு பேசும்போது ஒருபக்கக் குரல் மட்டும் கேட்டதற்குக் காரணம் வழக்கமானதுதான். ரவுட்டரில், சிப் செய்திகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்துகிற சிப் ஏஎல்ஜி என்ற உதவி ஓடிக்கொண்டிருந்தது. உதவியை நிறுத்தியதும் சரியாயிற்று.

ஹாரன்கள்

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறிவிப்பை 31 இடத்துக்கும் அனுப்ப இரண்டு வழி. ஒவ்வொரு போனையும் தனித்தனியாக அழைத்து எல்லாவற்றையும் ஒரே கூட்டு அழைப்பில் சேர்ப்பது ஒன்று. 31 பெருக்கல் 87 என்றால் 2.7 மெகாபிட்தான், நெட்வொர்க்குக்கு அது தூசு. தொல்லை என்னவென்றால், ஒரு போன் சீக்கிரம் எடுக்கும், ஒன்று தாமதமாக எடுக்கும், பேசிக்கொண்டிருக்கும் போன் எடுக்கவே எடுக்காது. மற்றது மல்டிகாஸ்ட். சர்வர் ஒரே ஒரு ஓடையை ஒரு குழு முகவரிக்கு அனுப்பும், நொடிக்கு 50 பாக்கெட். அந்தக் குழுவில் சேர்ந்த எல்லாப் போனும் அதை ஒரே கணத்தில் ஒலிக்கும், பேச்சில் இருக்கிற போனும் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிக்கும். அவசரத்துக்கு இதுதான் என்று மல்டிகாஸ்டை எடுத்தேன்.

முகவரியைப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன். 239-இல் தொடங்குவது தனியார் பயன்பாட்டுக்கு, அதில் 239.0.0 என்று தொடங்கும் முகவரிகளைத் தவிர்க்க வேண்டும். ஈதர்நெட் முகவரியாக மாறும்போது கடைசி 23 பிட்தான் எஞ்சும், அதனால் 239.0.0.5-உம் 224.0.0.5-உம் ஒன்றாகிவிடும். பின்னது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒதுக்கியது. இதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற பெருமிதத்தில்தான் மற்றதைக் கவனிக்காமல் விட்டேன் போலிருக்கிறது.

சோதனை எப்படி நடந்தது? ஒரு போனின் செட்டிங்கை முடிப்பேன், சேமித்தால் போன் தானே ரீபூட் ஆகும். எழுந்ததும் வாக்கிடாக்கியில் கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்வேன், அவர்கள் ஒரு வாக்கியம் பேசுவார்கள். கேட்கும். தாளில் டிக் அடிப்பேன். அடுத்த போன். இப்படி 31 டிக். கடைசியில் மொத்தமாக ஒரு அறிவிப்பு செய்து பார்த்தேனா என்றால், பார்த்தேன். எல்லா ஸ்விட்சையும் புதிய செட்டிங்கோடு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, உடனேயே.

மறுவாரம் புகார் வந்தது. பாய்லர் ஹாரன் கேட்கவில்லை. ஆலையின் டெக்னீஷியன் போய் போனை ரீபூட் செய்தார், கேட்டது. இரண்டு நாள் கழித்து டர்பைன். ரீபூட், கேட்டது. எனக்குப் போன் செய்தார்: "சார், ரீபூட் பண்ணா வருது சார். பீஸ் வீக்கா இருக்கும்போல." நானும் ஒரு போனை மாற்றி அனுப்பினேன். புதுப் போன் மாட்டியதும் கேட்டது, கேட்காமல் என்ன செய்யும்?

சர்வரின் திரையில் 31 போனும் பச்சை. ஒவ்வொன்றையும் நிமிடத்துக்கு ஒருமுறை இருக்கிறாயா என்று கேட்கும்படி, சர்வரில் ஓடும் போன் மென்பொருளான ஆஸ்டரிஸ்கில் வைத்திருந்தேன், எல்லாம் இருக்கிறேன் என்றன. சாதாரண அழைப்புகளும் போயின. மல்டிகாஸ்ட் அறிவிப்பு சிப் வழியாகப் போவதே இல்லை, அதனால் பச்சை விளக்குக்கும் ஹாரன் பேசுவதற்கும் தொடர்பே கிடையாது என்பது அப்போது என் மனதில் உறைக்கவில்லை.

அந்த நிலையில்தான் மாக் டிரில். முதல் அறிவிப்பு மட்டும் ஏன் கேட்டது என்பதை டெக்னீஷியன் பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரிய அதிகாரிகள் வருகிறார்களே என்று, எதற்கும் இருக்கட்டும் என்று, 10:27-க்கு எல்லா ஸ்விட்சிலும் பிஓஇ-யை அணைத்துப் போட்டிருக்கிறார்.

ஒரு பழைய பாட்டும் கைக்கடிகாரமும்

டிரில்லுக்கு மறுநாள் போனேன். நான் கண்டுபிடித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் வழி காட்டியது அந்த டெக்னீஷியன் பையன். திரும்பத் திரும்ப மைக்கில் பேச அலுத்து, அறிவிப்புக் குழுவில் ஒரு பழைய பாட்டை முடிவில்லாமல் ஓடவிட்டிருந்தான். மூன்று போன்களை ஒன்றன்பின் ஒன்றாக ரீபூட் செய்தோம், ஒரு நிமிட இடைவெளியில். மூன்றிலும் பாட்டு வந்தது. டீ வாங்கிக்கொண்டு திரும்பும்போது பாய்லர் ஹாரன் பல்லவி நடுவில் நின்றது. ஒரு நிமிடம் கழித்து டர்பைன். இன்னொரு நிமிடம் கழித்துப் பேன் தளம். எழுந்த வரிசையிலேயே அடங்கின.

மறுபடி செய்து, கைக்கடிகாரத்தில் பார்த்தோம். நான்கு நிமிடம் இருபது நொடி. 260 நொடி. எண்ணைப் பார்த்ததும் எனக்குக் காது சூடாயிற்று, ஏனென்றால் அது ஐஜிஎம்பி (மல்டிகாஸ்ட் குழுவில் சேர்வதற்கான நெட்வொர்க் விதிமுறை) பாடத்தில் வருகிற எண்.

மல்டிகாஸ்டை ஸ்விட்ச் கையாள்வது பத்திரிகைச் சந்தா மாதிரி. போன் எழுந்ததும் இந்தக் குழு எனக்கு வேண்டும் என்று ஒரு செய்தி அனுப்பும். ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் இயக்கப்பட்ட ஸ்விட்ச் அதை ஒட்டுக்கேட்டு, இந்தப் போர்ட்டுக்குச் சந்தா உண்டு என்று குறித்துக்கொள்ளும். சந்தாவைப் புதுப்பிக்க வேண்டுமே? அதற்கு நெட்வொர்க்கில் ஒருவர் 125 நொடிக்கு ஒருமுறை, யாருக்கு இன்னும் வேண்டும் என்று கேட்க வேண்டும். அவர் பெயர் குவேரியர். கேட்டால் போன் 10 நொடிக்குள் கை தூக்கும். இரண்டு முறை கேட்டும் பதில் இல்லையென்றால் சந்தா ரத்து. 125-ஐ இரண்டால் பெருக்கி 10 கூட்டுங்கள், 260. கேட்பதற்கே ஆள் இல்லையென்றாலும் அதே 260-இல் ரத்துதான். போன் தானாக இன்னொருமுறை கை தூக்காது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறதா இல்லையா என்பது சந்தாக் கணக்கில் சேராது.

குவேரியர் இருந்தது, கேமராக்களின் விலான் 20-இல். கேமரா ஒப்பந்தக்காரர்கள் அதை ஒழுங்காகவே போட்டிருந்தார்கள். அதோடு, யாரும் கேட்காத மல்டிகாஸ்ட் வந்தால் எல்லாப் போர்ட்டுக்கும் இறைக்காமல், யாருக்கும் தராமல் கொட்டிவிடு என்றும் வைத்திருந்தார்கள். கேமரா ஓடைகள் ஃபைபரை அடைத்துக்கொள்ளாமல் இருக்க அது தேவை. ஸ்னூப்பிங்கும் இந்தக் கொட்டிவிடும் விதியும் ஸ்விட்ச் முழுமைக்கும் பொருந்தின, குவேரியர் மட்டும் விலானுக்கு விலான் தனி. நான் 30 என்று புது விலான் திறந்தபோது முதல் இரண்டும் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன, மூன்றாவது வரவில்லை. கொட்டிவிடும் விதி இல்லாத ஸ்விட்சாக இருந்திருந்தால் சந்தா போனாலும் ஓடை எல்லா இடத்துக்கும் இறைபட்டு, ஹாரன்கள் பேசிக்கொண்டே இருந்திருக்கும், எனக்கு இது தெரியவே வந்திருக்காது.

அலுவலகத்தில் மட்டும் எப்போதும் கேட்டது ஏன்? சர்வரை டைம் ஆபீஸில் ஒரு மலிவான எட்டு போர்ட் ஸ்விட்சில் தற்காலிகமாக மாட்டியிருந்தேன். அலுவலகப் போன்களும் அதிலேயே. அந்த ஸ்விட்சுக்கு ஸ்னூப்பிங் என்றால் என்னவென்றே தெரியாது, வந்ததை எல்லாம் எல்லாப் பக்கமும் இறைக்கும். அதனால்தான் சுத்தமான இடத்தில் கேட்கிறது, தூசியும் சூடும் உள்ள இடத்தில் கேட்கவில்லை, ஆகவே போனில்தான் கோளாறு என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். தற்காலிகம் என்று நான் மாட்டிய அந்த ஸ்விட்ச்தான் எங்களை மூன்று வாரம் சுற்றவிட்டது.

உறுதி செய்ய, பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருளான வயர்ஷார்க்கில் பார்த்தோம். சர்வரிலிருந்து ஓடை கிளம்புகிறது, நடு ஸ்விட்சுக்குள் போகிறது, பாய்லர் பக்கம் வெளியே வரவில்லை. பாய்லர் போர்ட்டில் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தும் ஒரு குவேரி வரவில்லை.

தீர்வு ஐந்து நிமிட வேலை. நடு ஸ்விட்சில் விலான் 30-க்கு ஒரு ஐபி முகவரி கொடுத்து, அங்கே குவேரியரை இயக்கினோம். முகவரி கொடுப்பதை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் சில ஸ்விட்சுகள் குவேரியரைத் தொடங்கவே தொடங்காது, சில 0.0.0.0 என்று அனுப்பும், அதை மதிக்காத கருவிகளும் உண்டு. நடு ஸ்விட்ச் செத்தால் என்ன ஆகும் என்று யோசித்து, டர்பைன் கட்டடத்து ஸ்விட்சிலும் இரண்டாவதாக ஒன்றை இயக்கினேன். ஒரு விலானில் ஒருவர்தான் கேட்பார், சிறிய ஐபி முகவரி உள்ளவர். அவர் மௌனமானால் மற்றவர் எழுந்துகொள்வார். சர்வரையும் அன்றைக்கே அந்த மலிவு ஸ்விட்சிலிருந்து கழற்றி நடு ஸ்விட்சில் மாட்டினேன்.

பாட்டை இரவு முழுக்க ஓடவிடலாம் என்றேன். ஷிப்டில் இருந்தவர்கள் சம்மதிக்கவில்லை. ஒலியை மிகவும் குறைத்து, ஒவ்வொரு ஹாரன் பக்கத்திலும் காலையில் போய்க் காதை வைத்துக் கேட்டோம். எல்லாவற்றிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அப்புறம் மாற்றியவை

சோதனைத் தாளை மாற்றினேன். இப்போது ஒவ்வொரு அறிவிப்புப் பாயின்டுக்கும் இரண்டு கட்டம்: ரீபூட் ஆனதும் ஒன்று, குறைந்தது பத்து நிமிடம் யாரும் தொடாமல் விட்டு ஒன்று. இரண்டாவது கட்டம் நிரம்பாமல் கையெழுத்து வாங்குவதில்லை. தினமும் காலை 6 மணிக்கு, ஷிப்ட் மாறும் நேரத்தில், சர்வர் தானே எல்லா ஹாரனிலும் ஒரு சின்ன மணியோசை விடும். கேட்காத இடத்தில் இருப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். ஷிப்ட் மணியாக அது பழகிப்போனதால் ஒரு நாள் வரவில்லையென்றால் உடனே போன் வந்துவிடுகிறது, எந்தக் கண்காணிப்பு மென்பொருளும் இவ்வளவு நச்சரிக்காது.

டிஸ்டிலரியின் மூன்று போன்களுக்கு மட்டும் மல்டிகாஸ்டோடு கூடத் தனி அழைப்பும் போகும்படி வைத்தேன். இரண்டில் எது முந்துகிறதோ அது. இருபது பாயின்டுக்குள் அடங்குகிற சின்ன இடமாக இருந்தால் இனிமேல் தனி அழைப்பையே எடுப்பேன். ஸ்விட்சுகள் நம் கையில் இல்லாத இடத்தில் மல்டிகாஸ்டை நம்பி இறங்குவது, அடுத்தவர் வாய்க்காலில் நம் வயலுக்குத் தண்ணீர் விடுவது மாதிரி.

கேமரா ஒப்பந்தக்காரர்களிடமும் பேசினேன். ஸ்விட்சில் ஏதாவது மாற்றினால் எங்களுக்கும் எங்கள் மாற்றம் அவர்களுக்கும் போய்ச்சேர, டைம் ஆபீஸில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். சாதாரண நாற்பது பக்க நோட்டுதான். அதில் முதல் வரி நான் எழுதியது, விலான் 30-இல் குவேரியரைத் தொடாதீர்கள் என்று.

மில் ஹவுஸில் ஒரு மூலை இன்னும் சரியாகவில்லை. இரண்டு ஹாரன்களுக்கு நடுவே நிற்பவருக்கு ஒன்றின் குரல் மற்றொன்றுக்குச் சற்றுப் பின்னால் வந்து சேர்கிறது. ஒலி நொடிக்கு 340 மீட்டர்தானே போகும், அதற்கு நெட்வொர்க்கில் மருந்து இல்லை. ஒரு ஹாரனைத் திருப்பி வைத்துப் பார்த்திருக்கிறோம், அரவை தொடங்கினால்தான் தெரியும்.

ஆறு மாதம் கழித்து அடுத்த ஒத்திகை நடந்தது. யாரும் எதையும் ரீபூட் செய்யக் கூடாது என்று டெக்னீஷியனிடம் முதல் நாளே சொல்லியிருந்தேன். அறிவிப்பு போனது, நாற்பது நிமிடம் கழித்து ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பும் போனது, ஆட்கள் கலைந்தார்கள். அசெம்பிளி பாயின்டில் வேப்பமரத்தடியில் அந்தச் செக்யூரிட்டி சைக்கிளோடு நின்றிருந்தார். இன்னும் எதற்கு அண்ணே என்று கேட்டேன். "இருக்கட்டும் சார், எதுக்கும்" என்றார்.